எதிர்ப்பு, முதல் தரம்

என் மனைவியின் தம்பிக்கு எதிர்ப்பு முதல் தரம் கிடைத்த செய்தி வந்தபோது, நான் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். இரண்டு கையிலும் கிரீஸ். போனைத் தோளால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"ஏங்க, தம்பிக்கு வந்துடுச்சு. முதல் தரமாம். விண்ணப்பம் போட்டு ஒரு வாரம்கூட ஆகல," என்றாள் மனைவி.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுதி ஒரு பயனும் இல்லை. இந்தக் கதை முடியும்வரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும். இப்போதே சொல்லிவிட்டால் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்காது.

எங்கள் நகரத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கிற எதற்கும் சார்பு அட்டை வேண்டும். நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் சார்பு நிர்ணய அலுவலகம், பெயரைப் படித்துப் பார்த்து, அது அரசாங்கத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா, இரண்டுக்கும் நடுவே மிதமா என்று முடிவு செய்யும். ஒவ்வொன்றிலும் மூன்று தரம். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அட்டைக்கு நிறமும் உண்டு. நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூன் மிதம் இரண்டாம் தரம். அதற்கு எதிரே இருப்பது ஆதரவு முதல் தரம். இரண்டிலும் ஒரே மாதிரிதான் வெட்டுகிறார்கள், காதோரம் கொஞ்சம் கோணலாக. ஆனாலும் எதிர்ப்பு அட்டை ஒட்டிய கடையில் வேலை பார்க்கிறவர் தவறிப்போய் ஆதரவு சலூனில் உட்கார்ந்துவிட்டால், எதிரே உள்ள கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசுவார்.

சலவைக் கடைக்கும் நீச்சல் வகுப்புக்கும் இந்த அட்டை ஒரு சம்பிரதாயம். எங்களைப் போன்ற ராக் குழுக்களுக்கு அதுதான் மூச்சு. நகர மன்றத்தில் வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குழுக்களுக்கு மேடை கொடுப்பார்கள். அட்டை இல்லாதவர்களுக்கு மேடை இல்லை. எங்களுக்கு இதுவரை அட்டை இல்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் பேஸ் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் டெய்லர். அவருடைய தையல் கூடத்தில்தான் எங்கள் பயிற்சி. பாடுவதும் லீட் கிட்டாரும் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். குழுவின் பெயர் 'ஞாயிறு மூன்று மணி'. ஏனென்றால் தையல் கூடம் ஞாயிறன்று மூன்று மணிக்குத்தான் காலியாகும். பதினோரு வருஷத்துக்கு முன் முதல் தடவை கூடியபோது, மறந்துவிடக் கூடாது என்று சுவரில் சாக்பீஸால் அந்த நேரத்தை எழுதி வைத்தோம். குழுவுக்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டார்கள். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

ராக் குழுக்களுக்குப் பெயர் இப்படித்தான் வருகிறது. வெளியில் இருப்பவர்கள் பெரிதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள், பல இரவுகள் விழித்திருந்து தேடியிருப்பார்கள் என்று. நான் பார்த்தவரை, பெயர் கேட்கப்படும் நேரத்தில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். எனக்குத் தெரிந்த குழுக்களில் ஒன்று 'மாமாவின் ஸ்வெட்டர்'. இன்னொன்று 'அரைப் பேரிக்காய்'. அந்தப் பேரிக்காயின் மறுபாதியைத் தின்றவர் இன்னமும் அதில் கீபோர்டு வாசிக்கிறார்.

என் மச்சினன் குழுவின் பெயர் 'பயன்படுத்த வேண்டாம்'. அது எப்படி வந்தது என்று சொன்னால் என் எரிச்சல் உங்களுக்கும் புரியும். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எட்டு மாதத்துக்கு முன்பு வரை கிட்டாரை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று தெரியாது. ஒரு நாள் என் பழைய ஆம்ப்ளிஃபயரை இரவல் கேட்டு வந்தான். கொடுத்தேன். வண்டியில் அது ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்றான். என் வேலைப் பையிலிருந்த தகரப் பலகையை நானே எடுத்துக் கொடுத்தேன். லிஃப்டைப் பழுது பார்க்கும்போது கதவில் மாட்டுகிற பலகை அது. 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதியிருக்கும். பயல் அதைத் திருப்பித் தரவில்லை. டிரம்ஸுக்கு முன்னால் மாட்டிவிட்டான்.

அந்தப் பலகைக்குத்தான் எதிர்ப்பு முதல் தரம். 'இந்த அமைப்பையே பயன்படுத்த வேண்டாம் என்று இரண்டே சொல்லில் அறைகிற துணிச்சல்' என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் பதினாலு வருஷமாக இருநூறு கட்டிடங்களில் அதை மாட்டியிருக்கிறேன். என் துணிச்சலை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் கிட்டாரை உறையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"உங்க மச்சினன் என்னைக் கூப்பிட்டிருக்கான், பாடறதுக்கு," என்றார். "நான் இன்னும் பதில் சொல்லல. பதினோரு வருஷமா இந்த ரூம்ல தையல் மெஷினுக்குத்தான் பாடறேன். இந்த வருஷம் மன்றத்துல ஏறினா இங்கயே இருக்கேன். இல்லன்னா போறேன். கோவிச்சுக்காதீங்க."

டெய்லர் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். டீச்சர் போய்விட்டால் எங்கள் குழுவில் மிஞ்சுவது ஒரு பேஸும் ஒரு டிரம்ஸும்தான். அதைக் கேட்கத் தையல் மெஷின்கூடச் சம்மதிக்காது.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தோடு சார்பு நிர்ணய அலுவலகத்துக்குப் போனேன். நகராட்சிக் கட்டிடத்தின் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்தான் முந்தின வாரம் மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தேன். படியேறினேன்.

கவுண்டரில் இருந்த நிர்ணய அதிகாரி கனிவான அம்மா. ஏழு பக்கப் படிவத்தை ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"பெயர் வந்த விதம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல 'ரூம் அப்பத்தான் காலியா இருக்கும்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. அதான் உண்மை."

"உண்மையை ஏன் எழுதினீங்க? எல்லாரும் கொஞ்சம் யோசிச்சு எழுதுவாங்களே." அவர் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். "சரி. ஞாயிறுன்னா லீவு நாள். லீவுன்னா உழைக்கறவங்க உரிமை. அப்ப எதிர்ப்பு. ஆனா அந்த லீவைக் குடுத்தது அரசாங்கம். அப்ப ஆதரவு. மூணு மணிங்கறது காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானம்."

"காலையில மூணு மணின்னா சதின்னு போட்டிருக்கலாம். மத்தியானம் மூணு மணிக்கு இந்த ஊர்ல யாரும் எதுவும் நினைக்கறதில்லையே."

"அப்ப மிதம்னு குடுத்துடுங்கம்மா. எந்தத் தரமா இருந்தாலும் சரி."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மிதம்னா சும்மா கிடைக்கற விஷயமா? ரெண்டு பக்கமும் நல்லா யோசிச்சு, ரெண்டு பக்கமும் பயந்து, அப்புறம் நடுவுல வந்து நிக்கறவங்களுக்குத்தான் மிதம். நீங்க யோசிக்கவே இல்ல. சார்பு இல்லாத ஆள்னு யாரும் கிடையாதுங்க. கண்டுபிடிக்கப்படாத ஆள்தான் உண்டு. களப் பார்வையாளரை அனுப்பறேன், அவர் கண்டுபிடிச்சுடுவார்."

அதுவரைக்கும் ஒட்டிக்கொள்ளச் சொல்லி, ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொடுத்தார். 'நிலுவை' என்று போட்டிருந்தது.

தையல் கூடத்தின் கதவில், கடையின் சொந்த அட்டைக்கு மேலேயே அதை ஒட்டிய மறுநாளே டெய்லருக்கு வாடிக்கை குறைந்தது. எதிர்ப்புக்காரர் ஒருவர் பேன்ட்டின் அளவு கொடுக்க வந்தவர், அட்டையைப் பார்த்துவிட்டு, பாதிக் காலை அளந்ததோடு போதும் என்று கிளம்பிப் போனார். எதிரிக் கடை என்றால்கூட அவருக்குப் பரவாயில்லை. எந்தக் கடை என்றே தெரியாத கடையில் பேன்ட் தைத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

களப் பார்வையாளர் ஞாயிறன்று சரியாக மூன்று மணிக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் 'இல்லை' என்றும் மறுபக்கம் 'ஆமாம்' என்றும் எழுதிக்கொண்டார். பாட்டில் வருகிற மறுப்புச் சொற்களை ஒரு பக்கமும் உடன்பாட்டுச் சொற்களை மறுபக்கமும் எண்ணுவதுதான் முறை என்றார். டீச்சர் தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டைப் பாடினார். மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி நிற்கிற பாட்டு அது. 'நீ வரவில்லை' என்ற வரி வந்ததும் பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு தடவை வந்தது. நாலு கோடு போட்டார்.

"யார் வரல?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டார். "குடிநீர் அதிகாரியா? ரோடு போடறவங்களா? தைரியமா சொல்லலாம். எதிர்ப்புக்கு எங்க அலுவலகம் செய்யற அளவுக்கு வேற யாரும் செய்யறதில்ல."

"என் தங்கச்சி," என்றார் டீச்சர். "பஸ்ஸை விட்டுட்டா."

பார்வையாளர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை, பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார். இந்தத் தடவை 'காத்திருக்கிறேன்' என்பதை எண்ணினார். அதுவும் நாலு. காத்திருப்பது என்றால் நம்பிக்கை, நம்பிக்கை என்றால் ஆதரவு என்று விளக்கினார். நாலிலிருந்து நாலைக் கழித்தார். கணக்கு டீச்சர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, சரிதான் என்றார். 'பூஜ்யம், மேல் விசாரணைக்குப் பரிந்துரை' என்று எழுதிக்கொண்டு பார்வையாளர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். எதிர்ப்பு முதல் தரக்காரர்களுக்கு அலுவலகம் கொடுக்கிற சிவப்பு வண்டியில் வந்தான். அலுவலக டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். என் மனைவி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வண்டியை அவள் ஜன்னலில் நின்று பார்த்ததில்லை. என் வண்டியின் பின்னால் கேபிள் சுருள் கட்டியிருக்கும் என்பதும் உண்மைதான்.

"அத்தான், உங்க விஷயம் என்னாச்சு?" என்றான், வாயில் பாதிச் சோற்றோடு. நல்ல பையன். அதுதான் பெரிய கொடுமை. அவன் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் வேணா அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேணாம்."

"இல்லத்தான், நீங்கதான எனக்கு ஆம்ப்ளிஃபயர் குடுத்தீங்க. பலகைகூட நீங்க குடுத்ததுதான். நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"எட்டு மாசத்துல பாருங்களேன்," என்றாள் மனைவி, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தபடி. "பதினோரு வருஷமா நீங்களும் வாசிக்கறீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த 'நீங்களும்' வந்ததும் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மேல் விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் தலைமை நிர்ணயர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கனிவான அம்மா. அவருக்குப் பக்கத்தில் களப் பார்வையாளர், பூஜ்யம் எழுதிய நோட்டோடு. மன்ற மேடைக்கு விண்ணப்பம் வாங்க அன்றே கடைசி நாள்.

தலைமை நிர்ணயர் என் கோப்பை மூடி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். மூணு தடவை ஆட்சி மாறியிருக்கு. ஒவ்வொரு தடவையும் பழைய ஆதரவு அட்டையெல்லாம் எதிர்ப்பாயிடும், எதிர்ப்பெல்லாம் ஆதரவாயிடும். ஊர் முழுக்க ஒரே வாரத்துல மாத்தி ஒட்டிட்டோம். ஒருத்தர்கூட புகார் குடுக்கல. காலையில எழுந்து பாத்தாங்க, பச்சை சிவப்பாயிருந்தது, சரின்னு அன்னைலேர்ந்து எதிர்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அவ்வளவு ஒழுங்கான ஜனங்க. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்குச் சிரமம் குடுக்கறீங்க."

"நான் என்னங்க பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சிரமம். என் பக்கம் எதுன்னு கேக்கறீங்களா? எனக்குப் பக்கமே கிடையாது. எனக்கு வேண்டியதில்ல, நான் நிர்ணயிக்கறவன். நீங்க நிர்ணயிக்கப்படறவர். உங்களுக்கு இல்லாம எப்படி? யார்மேலயாவது கோபம் உண்டா? சும்மா மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

எனக்கு யார்மேல் கோபம் என்று யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. டீச்சர் மச்சினனின் மைக்கில் பாடுவது மனக்கண்ணில் தெரிந்தது. என் மனைவி ஜன்னலில் நிற்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை. என் வயிறுதான் பேசியது.

"பயன்படுத்த வேண்டாம்னு ஒரு குழுவுக்கு எதிர்ப்பு முதல் தரம் குடுத்திருக்கீங்களே, அது எதிர்ப்பே இல்லீங்க. அது என் லிஃப்ட் பலகை. பின்பக்கம் பாருங்க, 'நாலாம் மாடி, கதவு உருளை'ன்னு என் கையெழுத்து இருக்கும். என் மச்சினன் ஆம்ப்ளிஃபயருக்கு முட்டுக் குடுக்க வாங்கிட்டுப் போனான். அவனுக்கு எந்த அமைப்பைப் பத்தியும் எதுவும் தெரியாது. தேர்தலன்னைக்குத் தூங்கறவன் அவன்."

கனிவான அம்மா மெல்ல ஒரு இளஞ்சிவப்புப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். ஆட்சேபணைப் படிவம். காரணம் என்ற கட்டத்தில் 'கொள்கை', 'பொறாமை' என்று இரண்டே இருந்தன. நான் கொள்கை என்பதில் குறியிட்டேன்.

"எல்லாரும் அதுலதான் போடுவாங்க," என்றார் அம்மா ஆதரவாக.

தலைமை நிர்ணயர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே. சொந்த மச்சினனை, அதுவும் தானா முன்வந்து, அலுவலகத்துல வந்து காட்டிக் குடுக்கறீங்க. இதைவிட என்ன ஆதரவு வேணும்? இந்த வருஷத்துலயே இவ்வளவு சுத்தமான ஆதரவை நான் பாக்கல."

அங்கேயே அட்டை அடித்துக் கொடுத்தார்கள். 'ஞாயிறு மூன்று மணி: ஆதரவு, முதல் தரம்.' பச்சை நிறம், ஓரத்தில் தங்க ஜரிகை மாதிரி ஒரு கோடு. சட்டையில் குத்திக்கொள்ள அதே மாதிரி சின்ன அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். மேடை விண்ணப்பத்திலும் அவர்களே முத்திரை குத்திவிட்டார்கள்.

படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரியாக முப்பத்தாறு படிகள். கடைசிப் படியில் ஒரு கேள்வி நினைவுக்கு வந்து மறுபடி ஏறிப் போனேன்.

"அப்ப என் மச்சினன் அட்டை ரத்துதான?"

"ரத்தா?" அம்மா சிரித்தார். "ஆதரவு முதல் தரக்காரர் ஒருத்தர், அதுவும் சொந்தக்காரர், ஆட்சேபிச்சிருக்கார். அப்ப உங்க மச்சினன் ஒடுக்கப்பட்டவர் ஆயிட்டாரே. அதுக்குத் தனி அட்டை. 'ஒடுக்கப்பட்ட எதிர்ப்பு, சிறப்புத் தரம்'. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. ஆட்சேபிக்க ஆளே கிடைக்காம அச்சடிச்ச அட்டை அப்படியே கட்டுக் கட்டா கிடந்தது. உங்க புண்ணியத்துல முதல் அட்டை போகுது."

மறுநாள் இரண்டு அதிகாரிகள் போய் அந்தத் தகரப் பலகையைப் பறிமுதல் செய்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனதால் புகைப்படக்காரர்கள் வந்திருந்தார்கள். படத்தில் மச்சினன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். உண்மையில் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தானாம். பத்திரிகையில் அதன் கீழே 'குமுறல்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் படம் போட்ட பனியன்கள் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் திரிந்தன. என் கட்டிடங்களில் ஒன்றில், லிஃப்டுக்குள் என்னோடு மூன்று பனியன்கள் ஏறின. மூன்று பேரும் என் சட்டையில் குத்தியிருந்த பச்சை அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் போனார்கள்.

மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அவன் உங்களை ஒரு வார்த்தை தப்பா சொல்லல, தெரியுமா?" என்று மட்டும் சொன்னாள். அவன் நாலு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு டீச்சரிடம் மேடைச் சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மேடை கிடைச்சுடுச்சு டீச்சர்."

"எப்படிக் கிடைச்சதுன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

"நீங்க போகக் கூடாதுன்னுதான்..."

"மாசப் பரீட்சை பேப்பர் குவிஞ்சு கிடக்கும், அதை அப்படியே போட்டுட்டு ஒவ்வொரு ஞாயிறும் வந்திருக்கேன்," என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிற குரல்தான் அது. "பாடறதுக்கு வந்தேன். அந்தப் பையன் பாவம், உங்களைப் பாத்துத்தான் கிட்டாரே எடுத்தான்."

கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். டெய்லர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நான் பேஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அதைவிடக் கேவலமான ஒன்றும் கூடவே வந்தது: இனி அவன் குழு எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற நினைப்பு.

நகர மன்றத்தில் எங்களுக்குக் காலை பத்து மணி ஒதுக்கியிருந்தார்கள். ஆதரவுக் குழுக்களுக்கு அரங்கை அலுவலகமே நிரப்பித் தரும். குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் என்று துறை வாரியாக ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தால் கைதட்ட வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். நான் கம்பியைச் சுருதி கூட்டினேன், பலத்த கைதட்டல். டெய்லரின் ஸ்டிக் ஒன்று கீழே விழுந்தது, அதற்கும் கைதட்டல். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசித்தோம். டீச்சரின் பாட்டை நான் பாடினேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. 'நீ வரவில்லை' என்ற வரியில் திணறி நின்றுவிட்டேன். விளக்கு எரிந்தது. கழிவுநீர்த் துறை எழுந்து நின்று தட்டியது.

மச்சினனுக்குச் சாயங்காலம் ஆறு மணி, நல்ல நேரம். வர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றேன். அரங்கம் கொள்ளாமல் ஜனங்கள் வெளியே ஜன்னல்களில் தொங்கினார்கள். என் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். எந்த விளக்கும் இல்லாமலே தட்டினார்கள். மச்சினன் வாசித்தது சுமார்தான், அதைச் சத்தியம் செய்து சொல்வேன். மூன்றாவது பாட்டில் இரண்டு இடத்தில் சுருதி விலகினான். ஆனால் டீச்சர் பாடினார். பதினோரு வருஷம் தையல் மெஷின்களுக்கு நடுவே கேட்ட குரல், அந்தக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் என் பச்சை அட்டையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போய் கனிவான அம்மாவிடம் கேட்டேன், சிறப்புத் தர அட்டை எனக்கும் கிடைக்க வழி உண்டா என்று. நன்றாக விசாரித்துச் சொன்னார். வழி உண்டு. எதிர்ப்புக்காரர் யாராவது என்மேல் ஆட்சேபணை கொடுத்தால் நானும் ஒடுக்கப்பட்டவன் ஆகிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. எதிர்ப்புக்காரர்கள் ஆட்சேபிக்கும்போது காரணம் கொள்கை என்று எழுத முடியாது. கொள்கையால் ஆட்சேபிப்பது அவர்களுடைய அன்றாட வேலை, அதற்குத் தனியாகப் படிவம் கிடையாது. பொறாமை என்றுதான் எழுத வேண்டும். எதன்மேல் பொறாமை என்று கீழே விவரிக்க வேண்டும்.

இளஞ்சிவப்புப் படிவத்தோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன். மச்சினன் லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அவ்வளவுதான? குடுங்கத்தான்."

மேசையில் இருந்த லென்ஸ்களை ஒதுக்கிவிட்டுப் படிவத்தைப் பரப்பினான். தன் பெயரை எழுதினான். என் பெயரை எழுதினான். உறவு என்ற கட்டத்தில் 'அத்தான்' என்று அழகாக எழுதினான். பொறாமை என்பதில் குறியிட்டான். அதற்குக் கீழே வந்ததும் பேனா நின்றது. மோட்டுவளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நிஜமாகவே கஷ்டப்பட்டு யோசித்தான், பாவம், நெற்றியில் வேர்த்துவிட்டது.

"உங்கமேல பொறாமைப்பட எனக்கு என்னத்தான் இருக்கு?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, எனக்கு உதவ வேண்டும் என்றுதான் கேட்டான். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிடறேன். சின்னதா இருந்தாலும் பரவால்ல."

நான் யோசித்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் டீச்சர் என்று சொல்லியிருப்பேன். கடையில் இரண்டு பேர் கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தபடியே, என் பதிலுக்காக அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.